தகவல் தந்தவர்

1923 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, நகரின் மேற்குப் பிரிவில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி காய்ச்சலால் இறந்தாள். தகவல் தந்தவர்: தந்தை. பதிவான தேதி: ஆகஸ்ட் 8.

அந்த வரியை அவள் இரண்டு முறை படித்தாள். இறந்தவள் அவளுடைய கொள்ளுத்தாத்தாவின் மகள். பதிவறையில் பூச்சிமருந்தும் ஈரக் காகிதமும் கலந்த வாடை. தலைக்கு மேலே குழல் விளக்கு விடாமல் முனகிக்கொண்டிருக்க, எதிர் மேசையில் எழுத்தர் சாப்பாட்டு டப்பாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“சார், சாகறதுக்கு முதல் நாளே பதிஞ்சிருக்காங்க.”

“அந்தக் காலத்து ஆளுங்க சுறுசுறுப்பு மேடம். எங்களை மாதிரியா?”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பது வயது மகள் மூன்று வாரமாகக் காரணம் தெரியாத காய்ச்சலில் கிடக்கிறாள். பரம்பரையில் யாருக்காவது இப்படி வந்ததா, தெரிந்தால் வழி தேடலாம் என்றிருந்தார் மருத்துவர். சொல்ல ஆளில்லை. இறந்துபோன அப்பா பழங்கதை பேசியதில்லை. வருடத்துக்கு ஒரு வீடு மாறுவார். புது முகவரியை உறவினர் எவருக்கும் தரமாட்டார்.

1951. அத்தை. வயது ஒன்பது. தகவல் தந்தவர்: இறந்தவளின் தாத்தா. இதுவும் ஒரு நாள் முன்பே. கைரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு. 1923 பதிவேட்டைப் பக்கத்தில் இழுத்து வைத்துப் பார்த்தாள். அதே தழும்பு.

1984. அவள் பிறக்கும் முன்பே போய்விட்ட அக்கா. தகவல் தந்தவர்: கொள்ளுத்தாத்தா. வயது தொண்ணூற்றைந்து. அதே ரேகை.

“சார், இவரோட இறப்புப் பதிவு எங்கே?”

“அவரோடதா? நேத்துகூட வந்தாரே மேடம். கைத்தடி இல்லாம மாடி ஏறினார். எனக்கே பொறாமையா இருந்தது.”

“எதுக்கு வந்தார்?”

“நீங்க மனுவோட கொடுத்த வம்சாவளி அட்டவணைக்கு நகல் கேட்டார். அதுல பேர் இருக்கறவங்க கேட்டா கொடுக்கணும், விதி. ரேகை வெச்சார், பொருந்துச்சு. ஏதோ படிவமும் நிரப்பிக் கொடுத்தார். இன்னும் பிரிச்சுப் பார்க்கலை.”

அட்டவணை. கடைசிக் கட்டத்தில் மகளின் பெயர். வயது. வீட்டு முகவரி. அவளே எழுதியது. தெளிவாக.

மணி ஐந்து. வீட்டுக்கு அழைத்தாள். கணவன் உடனே கைபேசியை எடுத்தான்.

“உன் சொந்தக்காரப் பெரியவர் ஒருத்தர் வந்திருந்தார். பாப்பாவுக்கு எள்ளுத்தாத்தா முறையாம். நல்ல தமாஷ் பேர்வழி.”

“எங்கே அவர்?”

“இப்பதான் கிளம்பினார். பாப்பா அசந்து தூங்கறா, எழுப்பாதீங்கன்னார்.”

“போய்ப் பாரு.”

“ஏன் கத்தறே? போறேன், போறேன்.”

செருப்புச் சத்தம். கதவு. திரை வளையங்கள் கம்பியில் உரசின. குழந்தையைக் கூப்பிட்டான். மறுபடி கூப்பிட்டான்.



ஐந்தரைக்கு வந்த மருத்துவர், உயிர் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டார்.