கிரானியாவின் அப்பாவுக்கு ஓர் ஒப்பாரி

கிரானியாவின் அம்மா நான்கு நாளாக அழவில்லை. பேசவும் இல்லை. பாஸ்டன் நகரத்தின் அந்த நிலவறையில் சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

அயர்லாந்திலிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொன்னவள் ஏலிஷ் அக்கா. அப்பா ஏழைகள் விடுதியில் காய்ச்சலில் இறந்துவிட்டார். சவப்பெட்டிகூட இல்லாமல் பலரோடு ஒரே குழியில் புதைத்துவிட்டார்கள். ஒப்பாரி வைக்க ஒருத்தியும் வரவில்லை.

பத்து வயது கிரானியாவுக்கு அந்தக் கடைசிச் செய்திதான் தாங்கவில்லை. அவர்கள் ஊரில் ஒப்பாரி இல்லாமல் யாரையும் அனுப்பியதே கிடையாது.

ஏலிஷ் அக்கா அதே அறையில், தொங்கவிட்ட போர்வைக்கு அந்தப் பக்கம் குடியிருந்தாள். நாளெல்லாம் கூலிக்குச் சட்டை தைப்பாள். ஆனால் ஒரு காலத்தில் அவள் கவிஞர். உருளைக்கிழங்கு அழுகி ஊரே பட்டினி கிடந்தபோது, விளைந்த தானியத்தைக் கப்பல் கப்பலாக வெளியே போகவிட்ட அரசாங்கத்தைச் சாடி டப்ளின் பத்திரிகையில் எழுதினாள். பத்திரிகையை இழுத்து மூடினார்கள். அவளையும் தேடினார்கள். தம்பியோடு கப்பலேறினாள். தம்பி நடுக்கடலில் இறந்தான். அதற்குப் பிறகு அவள் ஒரு வரிகூட எழுதவில்லை.

"அக்கா, எங்கப்பாவுக்கு ஒரு ஒப்பாரி எழுதித் தாயேன்."

"போடி. நான் எழுதி யாருக்கு வயிறு ரொம்புச்சு?"

"வயிறு ரொம்ப வேணாம். அம்மா அழுதா போதும்."

ஏலிஷ் ஊசியில் நூல் கோக்கப் பார்த்தாள். நூல் காதில் நுழையவில்லை. கிரானியா ஊசியை வாங்கிக் கோத்துக் கொடுத்தாள். பிறகு அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தானே ஆரம்பித்தாள்.

"ஐயோ என் அப்பாவே... ஊரிலேயே பெரிய மூக்குக்காரரே..."

போர்வை விலகியது. "ஏய், ஒப்பாரில யாராவது மூக்கைப் பாடுவாங்களா?"

"எங்கப்பாகிட்ட அதுதான் பெரிசா இருந்துச்சு. பன்னிக்குட்டிகிட்டகூட நியாயம் பேசுவாரு. அதைப் பாடட்டா?"

ஏலிஷின் உதடு சிரிக்கப் பார்த்தது, கண் கலங்கியது. "வேற என்ன செய்வாரு?"

"கடைசிக் கிழங்கை எனக்குக் குடுத்துட்டு, 'எனக்குப் பசிக்கலடி'ன்னு பொய் சொல்வாரு."

ஏலிஷ் சட்டையைக் கீழே வைத்தாள். பிறகு கரகரத்த குரலில் எடுத்தாள்:

"பசியைப் பொய்யால் மறைச்சவனே,
பிள்ளைக்குப் பங்கை விட்டவனே,
மண்ணைத் தள்ளி மூடினாரே,
மாரடிக்க ஆளில்லையே!"

அம்மாவின் தோள் குலுங்கியது. மறுகணம் வீடே அதிர வாய்விட்டு அழுதாள். கிரானியா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அழுது ஓய்ந்ததும் அம்மா ஏலிஷின் கையைப் பிடித்தாள். "உன் தம்பி பேரு என்னம்மா?"

அவன் உடலைக் கடலில் இறக்கிய நாளிலிருந்து ஏலிஷ் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை.

"டோனாக்," என்றாள். "பத்தொம்பது வயசு."

"வா. அவனுக்கும் பாடுவோம்."

சத்தம் கேட்டு மாடிப் பெண்கள் ஒவ்வொருவராகப் படியிறங்கி வந்தார்கள். "எம் மகனுக்கும் யாரும் பாடலை..." என்றாள் ஒருத்தி, வாசலிலேயே தயங்கி நின்று.

கிரானியா துணி மூட்டைகளை ஓரமாகத் தள்ளி, அவர்கள் உட்கார இடம் செய்தாள்.