ஏழாவது கேள்வி

அந்தச் சிறையின் விசாரணை அறைக்கு மனநல மருத்துவர் கடைசியாக வந்து நான்கு வருடமாகியிருந்தது. அதே இரும்பு மேசை, ஜன்னலில்லாத அதே சுவர்கள். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே மட்டும் பாசி வாடை.

"குழாய் ஏதாவது ஒழுகுதா?"

"போன மாசமே பார்த்தாச்சு மேடம். எங்கயும் ஒழுகல," என்றார் வார்டர்.

குடோனுக்குத் தீ வைத்த லாரி டிரைவரைக் கூட்டிவந்து எதிரே உட்காரவைத்தார்கள். ஆளுமைக் கோளாறு இருக்கலாம் என்று சந்தேகம். அவனைக் காவலுள்ள மனநல மருத்துவமனைக்கு மாற்றுவதா, சிறையிலேயே விடுவதா என்று அவர் எழுதித் தர வேண்டும். அந்தக் கையெழுத்தைப் பொறுத்துதான் அவன் கதி.

ஆறு கேள்விகளுக்கு எரிச்சலோடு ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான்.

"சின்ன வயசுல உங்களை யாராவது பயமுறுத்தியிருக்காங்களா?"

அவன் தலை மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்தது. காதருகே யாரோ கிசுகிசுப்பதைக் கேட்பவனைப் போல.

"தண்ணித் தொட்டிக்குள்ள இறக்கிவிட்டு அப்பா மூடியைப் போட்டுட்டார்."

பேனா நின்றது.

நான்கு வருடம் முன்பு இதே அறையில் வேறொரு கைதி இதே வார்த்தைகளைச் சொன்னான். மேலே சொல்ல அவன் வாயெடுத்தபோது அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வேலை இருந்தது. 'சிகிச்சையால் பலனில்லை' என்று எழுதிக் கோப்பை மூடினார். மூன்றே வாரத்தில் அவன் தன் அறையில் உயிரை மாய்த்துக்கொண்டான்.

அவன் சொன்னதை அவர் எங்குமே குறித்துவைக்கவில்லை.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்கப்பா தங்கமான மனுஷன் மேடம்." டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. "இங்க வந்ததுலேருந்து காதுல ஒருத்தன் ஓயாம பேசறான். நீங்க முழுசாக் கேட்டாத்தான் போவானாம்."

வாடை கனத்தது.

மருத்துவர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"சொல்லச் சொல்லுங்க. நான் எங்கயும் போகல."

டிரைவரின் உதடுகள் அசைந்தன. குரல் அவனுடையதில்லை.

"உள்ள நான் மட்டும் இல்ல. தம்பியும் இருந்தான். தண்ணி ஏற ஏற, அவனைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டேன்."

சுவருக்குள் எங்கோ ஒரு சொட்டு விழுந்தது.

"அப்புறம்?"

"அப்புறம் நான் அவன் மேல ஏறி நின்னுட்டேன்."

"கேட்டுட்டேன்," என்றார். "அன்னைக்கே கேட்டிருக்கணும். தப்பு என்னோடது."

வாடை போய்விட்டது. டிரைவர் மேசையில் தலை சாய்த்து அசந்து தூங்கினான்.

மருத்துவமனைக்கு மாற்றலாம் என்று எழுதினார். பத்து நாள் கழித்து அங்கிருந்து நர்ஸ் போன் செய்தாள். காதில் குரல் எதுவும் கேட்கவில்லையாம், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறானாம். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது அவருக்கு.

அடுத்த வாரம் வேறொரு ஊரில் பெண்கள் சிறை. புதுக் கட்டடம், பெயிண்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. எதிரே, கணவனைக் கொன்ற அறுபது வயதுக்காரி கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

அவர் முதல் கேள்விக்கே வரவில்லை.

அவள் வாய் திறந்தது. தண்ணீர் நிரம்பிய தொண்டையிலிருந்து, ஒரு சின்னப் பையனின் குரல்.

"அண்ணன் சொல்லிட்டான்ல? இப்ப நான் சொல்லட்டுமா?"