பனியரசனுக்கு எதிராக ஐந்து வீடுகள்

வியாழக்கிழமை காலையில் சமையல் முடிந்ததும் தங்கமாரி கைத்திரையை விரித்துக்கொண்டு உட்காருவாள். சாத்தூரின் பதினோராம் வட்டத்துக்கு அவள்தான் அணித்தேர்வர். முன்பு பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளராக இருந்தவள். முகம் பார்க்காமல் முடிவெடுப்பாள் என்ற பெயர் இருந்ததால் மக்களே வாக்களித்து அவளை அமர்த்தினார்கள். வெள்ளி நண்பகலில் கைபேசி ஆட்டத்தின் எதிரியான பனியரசனோடு வட்டம் மோத வேண்டும். வட்டத்தில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு துணையுயிர் கைபேசிக்குள் வளர்கிறது. அவற்றில் ஐந்தைப் பொறுக்குவது அவள் வேலை.

எதை எதிர்த்து எது நிற்கும் என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். பனியரசன் ஒருமுறை மூச்சுவிட்டால் செடி வகை கருகிப்போகும். சிறகு வகையும் அப்படித்தான். பாறையும் இரும்பும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். நெருப்பு வகையால்தான் அவன் கவசத்தை உருக்க முடியும். ஆனால் நெருங்கி நின்று அடிப்பதால் முதலில் விழுவதும் அதுதான்.

விழுவது விளையாட்டோடு முடிந்துபோகிற காரியமில்லை. வெயில் ஐம்பத்திரண்டு டிகிரியைத் தொட்ட பிறகு ஊருக்கு ஒரு குளிராலை கட்டி, வீடுவீடாகக் குழாயில் குளிர் அனுப்பினார்கள். எல்லோருக்கும் போதவில்லை. அதிகாரிகள் பங்கு பிரித்தபோது வெட்டுக்குத்து நடந்தது. கட்சி பார்க்காது, சாதி பார்க்காது என்று மக்களே கேட்டு வாங்கியதுதான் இந்த ஆட்டம். வென்ற வட்டத்துக்கு ஏழு நாள் குளிர். தோற்றால் ஒருவருக்கும் கிடையாது. வென்றாலும், களத்தில் விழுந்த துணையுயிரின் வீட்டுக்கு மட்டும் அந்த வாரம் குழாய் அடைபடும்.

அன்றைக்கு அவள் பட்டியலைத் திறக்கும்போதே பால்துரை வந்து வாசலில் நின்றான். டயர் கடையில் வேலை பார்ப்பவன். அவன் வீட்டுத் துணையுயிரான தணல்தான் வட்டத்திலேயே வலுவானது. மூன்று வாரமாகத் தொடர்ந்து களமிறங்கி, மூன்று வாரமும் விழுந்திருந்தது.

"அக்கா, பிள்ளை பிறந்து ஒம்பது நாளுதான் ஆகுது. ஆஸ்பத்திரியிலேருந்து நாளைக்குத்தான் வீட்டுக்கு வருது. இந்த ஒரு வாரம் தணலை விட்டுருங்க."

"பாக்கிறேன் தம்பி" என்றாள்.

உண்மையாகவே பார்த்தாள். பதினான்கு விதமாக அணியை மாற்றி ஒத்திகை ஓட்டினாள். தணல் இருந்தால் பத்தில் ஏழு முறை வெற்றி, இல்லாவிட்டால் மூன்று. வேறு நெருப்பு ஏதும் அதன் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்குக் காரணமும் அவளுக்குத் தெரியும். துணையுயிர் வீட்டின் சூட்டைக் குடித்து வளர்வது. குளிர்ந்த வீட்டில் செடியாகவும் சிறகாகவும் வளரும். வெந்துபோன வீட்டில்தான் நெருப்பாகும். குழாய் அடைபட்ட ஒவ்வொரு வாரமும் தணல் இன்னும் வலுத்தது. வலுத்ததால் மறுபடி அதையே தேர்ந்தெடுத்தாள். அவள் வீட்டில் வளர்ந்ததோ சிறகு வகை. அதைக் களத்துக்கு அனுப்ப யாரும் கேட்டதில்லை.

பால்துரையின் மனைவி ஜெபமணியையும் பிள்ளையையும் தன் வீட்டுக்கு அழைத்துவந்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். ஆனால் குழாய் அடைபட்ட வீட்டாரை இன்னொரு வீடு சேர்த்துக்கொண்டால் அந்த வீட்டுக் குழாயும் அடைபடும். உள்ளறையில் வெப்பம் தாக்கி விழுந்து நான்கு மாதமாகப் படுக்கையில் கிடக்கும் கணவனின் இருமல் கேட்டது. அதற்குமேல் அவள் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் இடத்தில் தணல் இறங்கியது. மூன்றாம் நிமிடத்தில் பனியரசனின் மார்புக் கவசத்தை உருக்கிவிட்டு அங்கேயே சாய்ந்தது. மற்ற நான்கும் சேர்ந்து அவனை முடித்தன. தெருவெங்கும் கைதட்டல் கேட்டது. வீடுகளின் குளிர்வாய்கள் ஊதத் தொடங்கின. பால்துரை வீட்டுக் கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் நனைத்த போர்வைகளைச் சன்னல்களில் தொங்கவிட்டான். ஜெபமணி ஈரத்துணியால் பிள்ளையைத் துடைத்தபடியே இருந்தாள். செவ்வாய்க்கிழமை மதியம் பிள்ளை பால் குடிப்பதை நிறுத்தியது. மருத்துவமனை வண்டி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடக்கத்துக்குத் தங்கமாரியும் போனாள். ஒருவரும் அவளை ஒரு சொல் சொல்லவில்லை. நன்றாகத் தேர்ந்தெடுத்தாய் என்று இரண்டு பேர் சொல்லவும் செய்தார்கள்.

வியாழக்கிழமை காலை பால்துரை மறுபடி வந்தான். சவரம் செய்யாத முகம். திட்டப்போகிறான் என்று அவள் காத்திருந்தாள். திட்டினால் நல்லது என்றும் தோன்றியது. அவன் வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னான்:

"அக்கா, இனிமே எல்லா வாரமும் தணலையே போடுங்க. எங்க வீட்டுக்கு இனி குளிர் எதுக்கு? ஜெபமணியும் அதான் சொல்லுதா."

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மன்னிப்பாவது கேட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்குள் முதலில் எழுந்தது நிம்மதி. முன்வரிசைக்கு ஆள் கிடைத்துவிட்டது. இனி வாராவாரம் நாலு வீட்டைத் தேடினால் போதும். அந்த நிம்மதி முகத்தில் தெரிந்துவிடுமோ என்று பயந்து சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பால்துரை ஒரு படி ஏறி வந்தான்.

"அழாதீங்கக்கா" என்றான்.