நிற்கக்கூடாத கடிகாரம்

ஓய்வுபெற்ற லைன்மேன் சோலைராஜின் அறிவுக்கு முன்னால் கோவில்பட்டி வட்டாரத்தில் எந்த மர்மமும் தாக்குப்பிடித்ததில்லை. இதுவரை வந்தவை இரண்டு. இரண்டுமே காணாமல் போன ஆடுகள். ஒன்று தானாகவே திரும்பி வந்தது.

மூன்றாவது வழக்கைப் பெருமாயி கொண்டுவந்தாள்.

“அண்ணாச்சி, எம்மவன் வேல்ராஜ் சாவுததுக்கு முந்தி சுவர்க்கடிகாரத்துல பேட்டரிய எடுத்துட்டு, கரண்டுல ஓட அடாப்டர் மாட்டுனான். அவன் போயி வருசம் திரும்புத வரைக்கும் அது நிக்கக்கூடாது. ஆனா தெனமும் ஒரு மணி நேரம் பிந்துது. மருமவதான் புடுங்குதா. இன்னைக்கே அவ ஊருக்கு அனுப்புதேன்.”

“கரண்டு போயிருக்கும்” என்றார் ஆட்டோ ஓட்டும் இசக்கிமுருகன். துப்பறிவாளருக்கு இருந்த ஒரே உதவியாளர் அவர்தான்.

“தெனமுமா? பக்கத்து வீட்டுல கரண்டே போகலங்காவ, அண்ணாச்சி!”

வீட்டில் மருமகள் முத்துச்செல்வி பையோடு நின்றாள். முட்டி வலிக்காரரான மாமனார் கருத்தையா கட்டிலில் இருந்தார். உயரத்தில் கடிகாரம், கீழே ஒரே ஒரு ப்ளக் பாயின்ட்.

“ஞாயித்துக்கெழமையும் பிந்துதா?” என்று கேட்டார் சோலைராஜ்.

“இல்ல. அன்னைக்கு நானும் மொளகாக் காட்டுக்குப் போகமாட்டேன். இவளுக்கும் தீப்பெட்டி ஆபீஸ் லீவு.”

“அப்போ நீங்க ரெண்டு பேரும் வீட்டுல இல்லாதப்பதான் பிந்துது. புடுங்குதது இவ இல்ல” என்ற சோலைராஜ், தன் போனை எடுத்தார். “வேல்ராஜ் போன் எங்க?”

“ஆறு மாசமாப் பெட்டிக்குள்ள கெடக்கு.”

அவர் அந்த எண்ணை அழைத்தார். கருத்தையாவின் தலையணைக்கு அடியில் மணி அடித்தது.

“சார்ஜ் போடாத போன் அடிக்குமா, இசக்கி? நீங்க ரெண்டு பேரும் போனபிறவு இவிய அடாப்டரப் புடுங்கி சார்ஜரச் சொருகுதாவ. மறுபடி மாட்டுதாவ. மேல ஏறி முள்ளத் திருப்பத்தான் முட்டி விடல.”

கருத்தையா போனை அமுக்கினார். விபத்தில் இறந்த அன்று வேல்ராஜ் அனுப்பியிருந்த குரல் பேசியது:

“யப்பா, வெளாத்திகுளம் தாண்டிட்டேன். சாப்புட்டுப் படுங்க, வந்துருதேன்.”

பெருமாயி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“ரீசார்ஜ் நாந்தான் போடுதேன், அத்தை” என்றாள் முத்துச்செல்வி. “சொன்னா மாமாவத்தான் ஏசுவிய.”

“அதுக்காவ ஏச்ச நீ வாங்குனியாட்டி?”

பெருமாயி எட்டி அவள் கையிலிருந்த பையைப் பிடுங்கி, மடியில் வைத்துக்கொண்டு, “இன்னொருக்க போடுங்க” என்றாள் கணவனிடம்.

வெளியே வந்ததும் இசக்கிமுருகன் கேட்டார்: “இன்னொரு ப்ளக் பாயின்ட் இருந்தா இந்தப் பாடே இல்லையே, அண்ணாச்சி?”

சோலைராஜ் ஆட்டோவில் ஏறிக்கொண்டார். அதைப் போட்டுத் தருவதாகத் தை மாதமே அவர் வேல்ராஜிடம் ஒத்துக்கொண்டிருந்தார். அதற்காக வேல்ராஜ் வாங்கிக் கொடுத்த வயரில் இப்போது சோலைராஜ் வீட்டுத் துணிகள் காய்கின்றன.