ஒருமுறை தட்டினால் நிறுத்தணும்

என் மனைவி முனீஸ்வரி கடைசியாக என் கையில் கொடுத்தது ஒரு டம்ளர் கடுங்காப்பி. மில்லில் நைட் ஷிப்ட் முடிந்து வந்து சுவிட்ச் போர்டுக்குக் கீழே, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். காலை எட்டரை இருக்கும்.

"தூங்கிராதிய. இன்னைக்கு விட்டா இனி எட்டு நாளு கழிச்சுத்தான் தண்ணி," என்றாள். பிறகு, "இந்த மில்லுக் காதுக்குக் கோயில் மணிதான் கட்டித் தொங்கவிடணும்," என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

நான் சிரித்தேனா என்று நினைவில்லை. காப்பி சூடாக இருந்தது நினைவிருக்கிறது.

ராஜபாளையத்தில் எங்கள் தெருவுக்கு அப்போது எட்டு நாளைக்கு ஒருமுறைதான் குடிதண்ணீர் வரும். குழாய், வாசலில் ஒரு குழிக்குள் இருக்கும். தண்ணீர் தானாக மேலே ஏறாது. எல்லா வீட்டிலும் ஒரு சின்ன மோட்டாரை வைத்து இழுப்பார்கள். குழியடியில் ஒருத்தர், வீட்டுக்குள் சுவிட்சடியில் ஒருத்தர். தெரு முழுக்க மோட்டார் இரையும்போது கூப்பிட்டால் கேட்காது. பாதிப் பேர் மில்லில் காதைக் கொடுத்தவர்கள் வேறு. அதனால் குடத்தில் டம்ளரால் தட்டுவார்கள். இரண்டுமுறை தட்டினால் போடணும். ஒருமுறை தட்டினால் நிறுத்தணும்.

எங்கள் மோட்டாரில் லேசாகக் கரண்ட் கசியும். எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ஓடும்போது தொடக்கூடாது, அவ்வளவுதானே என்று இருந்தோம். அடுத்த லீவில் பிரித்துப் பார்க்கலாம் என்று நினைத்திருந்தேன்.

இரண்டுமுறை தட்டினாள். போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஒருமுறை கேட்டது. ணங்.

பக்கத்து வீட்டுப் பொன்மணி தட்டுகிறாள் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெளியே ஆட்கள் கத்திய பிறகுதான் எழுந்தேன். ஹோஸ் கழன்று கிடந்தது. அதை மாட்டப் போயிருக்கிறாள். ஓடுகிற மோட்டாரை ஏன் தொட்டார் என்று போலீஸ்காரர் கேட்டார். அவசரத்தில் தொட்டிருப்பாள் என்றேன். அந்த ஒரு தட்டைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அது பொன்மணி தட்டியது என்றால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. முனீஸ்வரி தட்டியது என்றால், நான் நிறுத்திவிட்டேன் என்று நம்பித்தான் அவள் கை வைத்திருக்கிறாள்.

பொன்மணியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏழு வருஷமாகக் கேட்கவில்லை.

அந்த மாதமே வீட்டைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்தில் இருக்கும் அக்கா சண்முகத்தாய் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவள் குடத்தை மட்டும் பரணில் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன். மறந்து அல்ல.

போன ஆடியில் வீட்டுக்காரர் போன் செய்தார். வீட்டை இடிக்கப்போகிறாராம். பரணில் பித்தளைக் குடம் ஒன்று இருக்கிறது, முனீஸ்வரி என்று பேர் வெட்டியிருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள், சாவி பொன்மணியிடம் இருக்கும் என்றார்.

மத்தியானம் போய் இறங்கினேன். தெருமுனையில் இருந்த மாவு மில் இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை. மண் தெருவில் கல் பதித்திருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் இடுப்பளவு உயரத்தில் புதுக் குழாய், நீல மீட்டர். இப்போது தினமும் தண்ணீர் வருகிறதாம், மோட்டார் வைத்தால் இணைப்பையே வெட்டிவிடுவார்களாம். குழிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். எங்கள் வீடு தெருவில் கடைசி. அதற்கு அந்தப் பக்கம் ஓடை. இந்தப் பக்கம் ஒட்டினாற்போலப் பொன்மணி வீடு.

எங்கள் குழி இருந்த இடத்தில் சிமெண்ட் பூசியிருந்தது. தெரு முழுக்க வெயிலில் காய்ந்து கிடந்தது. அந்தச் சதுரம் மட்டும் ஈரமாக இருந்தது.

பொன்மணிக்கு முடி நரைத்திருந்தது. "என்ன அண்ணாச்சி, இந்தா கெடக்க ஊரு, ஏழு வருசம் ஆச்சா வாரதுக்கு?" என்றாள். எங்களுக்குப் பிறகு இரண்டு குடும்பம் வந்தது, ஒன்றும் நிலைக்கவில்லை என்று சொன்னாள். சுவரில் கரண்ட் அடிக்கிறது என்று சொல்லிப் போர்டையே பிடுங்கி எறிந்தார்களாம். மூன்று வருஷமாக வீட்டில் மின்சாரமே கிடையாது. சாவியைக் கொடுத்துவிட்டு, காப்பி போட்டு வைக்கிறேன் என்று உள்ளே போனாள்.

கதவைத் திறந்ததும் பாசி வாடை அடித்தது. ஜன்னல்களுக்குப் பலகை அடித்திருந்ததால் பகலிலும் இருட்டு. கண் பழகும்வரை நின்றேன். நான் சாய்ந்து உட்கார்ந்த சுவர் அப்படியே இருந்தது. போர்டு இருந்த இடத்தில் வெள்ளைச் சிமெண்ட்.

முக்காலி போட்டுப் பரணில் கையை விட்டேன். குடம் கவிழ்த்து வைத்திருந்தது. தூக்கும்போது உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்து என் முழங்கைவரை ஓடியது.

குளிர்ந்த தண்ணீர்.

கவிழ்ந்த குடத்தில் தண்ணீர் எப்படி நிற்கும் என்று யோசித்தேன். பயம் வந்ததாகத் தெரியவில்லை. குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

அப்போது சத்தம் வந்தது. முதலில் என் காதின் இரைச்சல் என்றுதான் நினைத்தேன். மில்லை விட்டபிறகும் அது போகவில்லை. ஆனால் இது சுவருக்குள்ளிருந்து வந்தது.

மோட்டார் ஓடும் சத்தம்.

வெள்ளைச் சிமெண்டில் உள்ளங்கையை வைத்தேன். சூடாக இருந்தது. லேசாக அதிர்ந்தது.

ணங்.

வாசல் பக்கம்தான்.

பொன்மணி தட்டுகிறாள் என்று நினைத்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நினைத்த அதே மாதிரி, அதே சுலபத்தில்.

ணங்.

விரலால் சிமெண்டைத் தேடினேன். சுவிட்ச் இல்லை. அழுத்தினேன். நகத்தால் சுரண்டினேன். மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது.

ணங்.

"எதுக்கு அண்ணாச்சி குடத்தத் தட்டுதிய?"

பொன்மணி காப்பி டம்ளரோடு நிலைப்படியில் நின்றாள். சத்தம் நின்றிருந்தது. குடம் எனக்கு நாலடி தள்ளி இருந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள், குடத்தைப் பார்த்தாள், பிறகு காலைப் பின்னால் எடுத்து வெளியே வைத்தாள்.

"வெளிய வாங்க," என்றாள் மெதுவாக.

அங்கே நின்றபடியே கேட்டேன். "அன்னைக்கு நீ தண்ணி புடிச்சியா பொன்மணி?"

"என்னைக்கு?"

"அவ செத்த அன்னைக்கு."

"அன்னைக்கு ஆண்டாள் தேருல்லா. மொத நாளே வீட்டப் பூட்டிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரு போயிட்டோம். எங்க குடத்தையும் அவகிட்டதான குடுத்துட்டுப் போனேன், சேத்துப் புடிச்சு வையின்னு." டம்ளரை நிலைப்படியில் வைத்தாள். "சேதி கேட்டு மத்தியானந்தான் ஓடியாந்தோம்."

சரி என்றேன். காப்பியை எடுத்துக் குடித்தேன். சூடாக இருந்தது.

பஸ்ஸில் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். "அண்ணாச்சி, குடத்த நிமித்தி வைங்க, சீட்டெல்லாம் நனையுது," என்றார் கண்டக்டர். நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. இறங்கும்போது என் வேட்டி நனைந்திருந்தது.

வீடு இப்போது இல்லை. இடித்துச் சமப்படுத்திவிட்டார்கள், கார் நிறுத்துகிறார்கள் என்று பொன்மணி போனில் சொன்னாள். குழி இருந்த இடத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

குடம் அக்காவின் அடுப்படியில் இருக்கிறது. அக்கா அதில் தண்ணீர் பிடிப்பதில்லை. எட்டு நாளைக்கு ஒருமுறை, காலை எட்டரைக்கு, நான் எழுந்து போய் மெயின் சுவிட்சை இறக்குகிறேன். முதலில் சில தடவை அக்கா ஏன் என்று கேட்டாள். ஒருநாள் அந்தச் சத்தம் அவளுக்கும் கேட்டது. அதற்குப் பிறகு ஏன் என்று கேட்பதில்லை. அந்த நேரத்துக்கு முன்னதாகவே கோயிலுக்குக் கிளம்பிவிடுகிறாள்.

இன்றைக்கும் இறக்கினேன். ஃபேன் சுற்றி ஓய்ந்தது. ஃபிரிட்ஜின் முனகல் அடங்கியது. வீட்டில் ஓடுவது எதுவும் இல்லை. கையைச் சுவிட்சிலிருந்து எடுக்காமல் நின்றேன்.

ணங்.

ஒருமுறைதான்.