காய்ந்த மண்ணின் மூச்சு

"மூச்சு விட்டது நீதான்டி..."

"நான் விடலக்கா, எட்டத்தான நின்னேன்..."

"அப்ப இந்தக் கோடு ஏன் ஏறுது? நீ தின்னுட்டு வந்த வடுகபட்டிப் பூண்டுக்கு மிஷினே மயங்கிருச்சு போல."

உதவிக்கு வந்திருந்த ஹேமாவதி சிரித்தாள். சொன்ன மிஸ்பாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மேகமலை அடிவாரக் காட்டில் மண் விடும் மூச்சை அளப்பதுதான் அவள் ஆராய்ச்சி. மண்ணில் பதித்த வளையத்தின்மேல் மூடியைக் கவிழ்த்தால், உள்ளே சேரும் கரியமிலவாயு கருவியின் திரையில் கோடாக ஏறும். பக்கத்தில் மனித மூச்சு பட்டாலே அளவு கெட்டுவிடும். மழை பொய்த்து, சருகுகூட மக்காமல் நொறுங்கும் இந்தக் கோடையில், கோடு அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும்.

அது ஏறியது. பிறகு இறங்கியது. மூடிக்குள் சேர்ந்தது எப்படிக் குறையும்?

"இந்தத் தடவையும் கெட்டா ஒரு வருச வேலை போச்சுன்னு கைடு சார் சொல்லிட்டாக. நாளைக்கு மழை வேற வருதாம், காஞ்ச மண்ண இன்னைக்கே அளந்தாகணும். நீ அந்தப் பாறைக்குப் போ. நான் சொல்ற வரைக்கும் மூச்சே விடாத."

"உத்தரவு மகாராணி."

கூப்பிடு தூரத்துப் பாறையில் அமர்ந்து, கன்னத்தை உப்பிக் காட்டினாள் ஹேமாவதி. கோடு படுத்தது.

"விடு."

கோடு எழுந்தது.

மிஸ்பாவின் பிடரி கூசியது. காற்று இங்கிருந்து பாறைப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது; ஹேமாவின் மூச்சு இங்கே வர வழியில்லை. அந்தி வெளிச்சத்தில் சருகுகள் அவள் காலைச் சுற்றிச் சரசரத்து ஓய, எங்கோ கத்திக்கொண்டிருந்த ஒற்றைக் குருவியும் பாதியில் நிறுத்தியது.

"அடக்கு."

படுத்தது. சற்றுப் பொறுத்துத் தானாக எழுந்தது.

"ஏய், நான் இன்னும் விடச் சொல்லல," என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோடு ஏறி இறங்கியது. நிதானமாக. உறங்குகிற ஆளைப் போல. குனிந்தாள். மூடியின் விளிம்பில் வெதுவெதுப்பு. பூண்டு வாசம்.

பாறைக்கு ஓடினாள்.

ஹேமாவதி பாறையில் அப்படியே இருந்தாள். உப்பிய கன்னம். திறந்த கண். நெஞ்சு அசையவில்லை. தோளைத் தொட்டு உலுக்கியதும் உதட்டோரம் செம்மண் பொடி உதிர்ந்தது. உதிர்ந்துகொண்டே இருந்தது.

பின்னால், வளையத்தின்மேல், மூடி மெல்ல எழும்பி அமரும் சத்தம்.

"போதும் ஹேமா. நான்தான் சொல்றேன்ல. மூச்ச விட்டுரு," என்றாள் மிஸ்பா, அவளை உலுக்கியபடி.