நாற்பத்தாறு ஞாயிற்றுக்கிழமைகள்

"அந்த விலைக்கு எவன் ஆடு வித்தான்? நான் விக்கல, என் பக்கத்துல நின்னவனும் விக்கல."

"ஐயா, ஒரு வருஷச் சந்தை விலை எழுத்துல இருக்கு, கொஞ்சம்..." என்றாள் அலுவலகத் தலைவி.

"எழுதினவன் கையைப் புடிச்சுக் கேளுங்க," என்றார் கிழவர்.

கிர்கிஸ்தானின் நாரின் மலைப்பக்கத்து முப்பது மேய்ப்பர் குடும்பங்களுக்காகத் தலைநகர் பிஷ்கெக் வந்திருந்தார் மாம்பெத் கிழவர். ஓர் இறைச்சி நிறுவனம் மற்ற வியாபாரிகளோடு கூடிப் பேசி ஆட்டு விலையை அமுக்கிவிட்டது என்பது வழக்கு. 'நாங்கள் கொடுத்ததுதான் சந்தை விலை' என்று நிறுவனம், சந்தைக்கு ஒன்றாக நாற்பத்தாறு விலைத் தாள்களை நீட்டியிருந்தது. மூன்று மணிக்கு விசாரணை. தாள்கள் நின்றால் வழக்கு விழுந்தது.

பொருளாதார ஆலோசனை அலுவலகத்தின் தலைவி சைரா, தாள்களை அல்டினாயிடம் தள்ளினாள். அல்டினாய் பகுப்பாய்வாளராகச் சேர்ந்து அன்று நான்காம் நாள்.

"ஓட்டை இருந்தா கண்டுபிடி. இல்லேன்னா இல்லேன்னு எழுது. இழுக்காத."

"சரி எஜே," என்றாள், அக்கா என்று கூப்பிடும் கிர்கிஸ் வழக்கப்படி.

கூடவே வேலைக்குச் சேர்ந்த எர்மெக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். "தேதியைப் பாரு. சந்தை ஞாயிறுதானே கூடும்? எங்கயாவது ஒரு செவ்வாக்கிழமை சிக்கும்."

சிக்கவில்லை. நாற்பத்தாறும் ஞாயிறு. கணவாயைப் பனி மூடிச் சந்தை கூடாத ஆறு வாரங்கள்கூடப் பிசகாமல் விடுபட்டிருந்தன.

"எழுதினவன் கெட்டிக்காரப் பய," என்றான் எர்மெக், பாதிப் பொறாமையோடு.

அல்டினாய் தேதியை விட்டுவிட்டு அடுத்த கட்டத்தைப் படித்தாள். நாற்பத்தொரு கிலோ அறுநூறு கிராம். முப்பத்தெட்டு கிலோ இருநூறு. பக்கத்தில் கிலோவுக்கு இன்ன விலை.

"ஐயா, நீங்க ஆட்டை எப்படிப் பாத்து விலை சொல்வீங்க?"

"உனக்கு எந்த ஊரு?"

"பிஷ்கெக்தான்."

"அதான் கேக்குற." நாற்காலியில் தொங்கிய அவள் கோட்டின் முதுகை விரலால் அழுத்திக் காட்டினார். "எலும்பு தட்டக் கூடாது. எங்க ஆட்டுக்கு வால்லதான் கொழுப்பு சேரும், அப்புறம் அதை ஏந்திப் பாப்போம். புடிச்சிருந்தா தலைக்கு இவ்வளவுன்னு கை குலுக்குவோம்."

"எடை?"

"உருளைக்கிழங்கா அது, எடை போட?"

அவள் சந்தை அலுவலகத்துக்குப் போன் போட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்; பதிலை எழுத்தில் அனுப்பச் சொன்னாள்.

மூன்று மணிக்கு, விசாரணை அதிகாரியின் முன்னால், நிறுவனத்தின் விலைக் கணக்கெடுப்பாளர் தீமூர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

"எல்லாத்தையும் நீங்களே சந்தையில நின்னு குறிச்சீங்களா?" என்று கேட்டாள் அல்டினாய்.

"ஒவ்வொரு ஞாயிறும்."

"எடையையும்?"

"சந்தைத் தராசுலதான்."

மாம்பெத் கிழவருக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்று எர்மெக்குக்குத் தெரிந்தது.

"அந்தச் சந்தையில தராசே கிடையாது," என்றாள் அல்டினாய். குரல் உயரவில்லை. "சந்தை அலுவலகத்துல எழுத்துலயே வாங்கியிருக்கேன். அங்க ஆட்டைக் கையால பாப்பாங்க, தலைக்கு விலை பேசுவாங்க. ஆனா இதுல கிராம் வரைக்கும் எடை இருக்கு. அப்ப இந்த ஆடுங்க வேற எங்கயோ தராசுல ஏறியிருக்கு. வாங்கின ஆட்டை எடை போடுறது உங்க வெட்டுக்கூடத்து வாசல்லதான். இது சந்தைத் தாள் இல்ல, உங்க கொள்முதல் தாள். தேதியை ஞாயிறா மாத்தி, மேல சந்தைப் பேரைப் போட்டிருக்கீங்க. உங்க விலையும் சந்தை விலையும் ஒண்ணா இருக்கறதுல ஆச்சரியமே இல்ல. ரெண்டும் உங்க விலைதான்."

சைரா தன் முன்னால் இருந்த தேநீரை அல்டினாயின் பக்கம் நகர்த்தி வைத்தாள். நிறுவனத்தின் வக்கீல் தீமூரைப் பார்த்தார். தீமூர் தாளைப் பார்த்தான்.

"வெட்டுக்கூடத்துத் தராசுப் பதிவேட்டை நீங்களே கொண்டு வர்றீங்களா, இல்ல அதிகாரி ஆள் அனுப்பணுமா?" என்று கேட்டாள் அல்டினாய்.